கிராஃபிக்ஸ் புரோகிராமிங், பெரிய கோப்புகள்: எந்த இயங்குதளம் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடபழனி, சாலிகிராமம் பக்கம் உள்ள போஸ்ட் புரொடக்‌ஷன் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன மென்பொருள் கருவிகள் எழுதிக்கொடுப்பது என் வேலை. ரெண்டர் ஆன ஃப்ரேம்களைப் பார்ப்பது, சரிபார்ப்பது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவது, இப்படி. ஷேடர் (கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவில் ஓடும் சின்ன நிரல்) எழுதப் பழகும் கல்லூரி மாணவர்களும், ஸ்டுடியோவில் மெஷின் வாங்கப் போகிறவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். விண்டோஸா, லினக்ஸா, மேக்கா என்று தொடங்கி, டிஸ்க்கை எப்படி ஃபார்மட் செய்வது என்பதில் வந்து முடியும். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அண்ணா, எந்த ஓஎஸ் போடட்டும்?

நீங்கள் எழுதும் புரோகிராம் யாருடைய மெஷினில் ஓடப்போகிறதோ, அந்த மெஷினின் ஓஎஸ். பிசி கேம் என்றால் விண்டோஸ். ஐபோன், ஐபேட் என்றால் மேக். விஷுவல் எஃபெக்ட்ஸ், ரெண்டர் ஃபார்ம், ஆராய்ச்சி, நூற்றுக்கணக்கான ஜிபி கோப்புகள் என்றால் லினக்ஸ். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, கற்றுக்கொள்ளத்தான் என்றால் கையில் இருக்கும் மெஷினிலேயே தொடங்குங்கள். அது மேக்காக இருந்தால் மட்டும் மூன்றாவது கேள்வியையும் படித்துவிடுங்கள்.

பெரிய கோப்பு விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓஎஸ்ஸின் பெயரைவிட, கோப்பு எந்த டிஸ்க்கில், எந்த ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) இருக்கிறது என்பதுதான் வேகத்தை அதிகம் தீர்மானிக்கிறது. அதனால்தான் கீழே பாதிப் பக்கம் டிஸ்க் பற்றியே போகிறது.

கிராஃபிக்ஸ் புரோகிராமிங் கற்கத் தொடங்குகிறேன். ஓபன்ஜிஎல் செத்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

நம் நிரல் கிராஃபிக்ஸ் கார்டோடு பேச உதவும் இடைமுகம் ஓபன்ஜிஎல். சாகவில்லை, வளர்வது நின்றுவிட்டது. 1992-ல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது அது. கடைசிப் பதிப்பான 4.6 வந்தது 2017-ல். விண்டோஸிலும் லினக்ஸிலும் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. ஒரு முக்கோணத்தை வரைவது, கேமராவை நகர்த்துவது, ஒளி ஒரு பரப்பில் பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடுவது ஆகிய அடிப்படைகளைப் பழக இதைவிட எளிய வழி நான் பார்த்ததில்லை. அதற்குப் பின் வந்த இடைமுகமான வல்கனில் ஒரே ஒரு முக்கோணம் திரையில் வர ஆயிரம் வரிக்குப் பக்கத்தில் எழுத வேண்டியிருக்கும். அதை முதல் மாதத்திலேயே மாணவர் தலையில் கட்டினால், கணிதத்தின் அழகு தெரிவதற்கு முன்பே அவர் ஓடிவிடுவார்.

அடிப்படை பிடிபட்ட பிறகு பாதை பிரிகிறது. டைரக்ட்எக்ஸ் 12, 2015-ல் விண்டோஸ் 10-உடன் வந்தது. மைக்ரோசாஃப்ட் உலகத்துக்கு மட்டும். வல்கன் 2016 பிப்ரவரியில் வந்தது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் ஓடும். மெட்டல் ஆப்பிளுக்கு மட்டும். மூன்றும் கேட்பது ஒன்றைத்தான்: மெமரியை நீயே ஒதுக்கு, ஜிபியு ஒரு வேலையை முடிக்கும்வரை காத்திருப்பதையும் நீயே எழுது. ஒன்றை ஒழுங்காகக் கற்றவருக்கு மற்றது சில வாரங்களில் வந்துவிடும். அதனால் எதைக் கற்பது என்று மாதக்கணக்கில் யோசிக்க வேண்டாம்.

எல்லா ஓஎஸ்ஸிலும் ஓட வேண்டும் என்றால் வெப்ஜிபியு பாருங்கள். 2023-ல் குரோம் 113 பதிப்பிலிருந்து பிரவுசரிலேயே வருகிறது. அடியில் டைரக்ட்எக்ஸ், மெட்டல், வல்கன் எது இருந்தாலும் அதன்மேல் ஏறிக்கொள்ளும். கம்ப்யூட் ஷேடரும் (படம் வரைவதற்கு வெளியே, பொதுக் கணக்கை ஜிபியுவில் ஓட்டும் ஷேடர்) உண்டு. லேப்டாப் விதவிதமாக இருக்கும் வகுப்பறைக்கு இப்போதைக்கு இதுதான் என் முதல் தேர்வு.

என்னிடம் இருப்பது மேக்புக். ஓபன்ஜிஎல் பாடங்கள் பாதியில் நின்றுபோகின்றன. ஏன்?

மேக்கில் ஓபன்ஜிஎல் 4.1-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 2018-ல் மொஹாவி பதிப்போடு ஆப்பிள் அதைக் கைவிடப்போவதாகவும் அறிவித்தது. கம்ப்யூட் ஷேடர் ஓபன்ஜிஎல்லுக்குள் வந்ததே 4.3-ல்தான். பாடத்தில் அந்த அத்தியாயம் வந்ததும் உங்கள் மெஷின் நிற்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் நிரலில் தப்பு தேடாதீர்கள்.

மேக்கில் சரியான வழி மெட்டல். ஷேடர் மொழி சி++ போலவே இருக்கும், எக்ஸ்கோடுக்குள்ளேயே வரும் ஜிபியு டீபக்கர் மிக நல்ல கருவி. வல்கன்தான் வேண்டும் என்றால் மோல்டன்விகே இருக்கிறது. வல்கன் அழைப்புகளை மெட்டலுக்கு மாற்றித் தரும். ஆனால் குடா (என்விடியா கார்டில் கணக்கு ஓட்டும் தளம்) வேலைக்கு மேக்கை நம்ப முடியாது. மேக்கை ஆதரித்த கடைசிப் பதிப்பு குடா 10.2.

மேக்கின் பெரிய பலம் ஒன்று உண்டு, பலரும் கவனிப்பதில்லை. 2020-ல் ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 வந்ததிலிருந்து சிபியுவும் ஜிபியுவும் ஒரே மெமரியைப் பகிர்கின்றன. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பிசியில் ஒரு பெரிய படத்தை ரேமிலிருந்து கார்டின் மெமரிக்கு நகல் எடுத்தாக வேண்டும். மேக்கில், பக்க எல்லையில் சரியாகத் தொடங்கும் ஒரு மெமரித் துண்டை நகல் எடுக்காமலேயே மெட்டலுக்குக் கொடுத்துவிடலாம். 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் ஏறவே ஏறாத ஒரு சீன், 64 ஜிபி மேக்கில் ஏறிவிடும். வேகத்தில் பெரிய என்விடியா கார்டு முந்திவிடும். கொள்ளளவு என்று வந்தால் மேக்குக்கு இது நிஜமான அனுகூலம்.

லினக்ஸில் என்விடியா டிரைவர் பெரிய தலைவலி என்கிறார்களே?

முன்பு இருந்த அளவுக்கு இல்லை. என்விடியா 2022 மே மாதம் தன் டிரைவரின் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சார்ந்த பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. இப்போது வரும் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றே: தளத்திலிருந்து கோப்பை இறக்கிக் கையால் நிறுவுகிறார்கள், அப்புறம் கெர்னல் அப்டேட் வந்ததும் திரை கறுத்துவிடுகிறது. உபுண்டுவோ ஃபெடோராவோ, அந்தந்த டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) தொகுப்பிலிருந்தே டிரைவரை நிறுவுங்கள். கெர்னல் மாறும்போது டிரைவர் மாட்யூலையும் அதுவே மறுபடி கட்டிக்கொள்ளும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலை மெஷின் தொடங்கும்போதே தடுக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் அந்த மாட்யூலுக்குக் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யச் சொல்லி மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வரும். பயந்துபோய் அதைத் தாண்டிவிடாதீர்கள். தாண்டினால் டிரைவர் ஏறாது.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு இந்தப் பேச்சே இல்லை. டிரைவர் கெர்னலிலும் மெசா என்ற கிராஃபிக்ஸ் நூலகத்திலும் உள்ளேயே வருகிறது.

ஷேடரில் தப்பு வந்தால் கண்டுபிடிக்க எங்கே வசதி அதிகம்?

விண்டோஸில். பிழை தேடும் கருவிகளான ரெண்டர்டாக், என்விடியாவின் என்சைட், மைக்ரோசாஃப்டின் பிக்ஸ் மூன்றும் அங்கே ஓடும். லினக்ஸில் ரெண்டர்டாக்கும் என்சைட்டும் உண்டு, பிக்ஸ் இல்லை. மேக்கில் ரெண்டர்டாக் இல்லை, எக்ஸ்கோடுதான்.

விண்டோஸில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஜிபியு 2 விநாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரையே மறுதொடக்கம் செய்துவிடும். உங்கள் கம்ப்யூட் ஷேடர் சின்னப் படத்தில் ஓடி, பெரிய படத்தில் மட்டும் 'டிவைஸ் ரிமூவ்ட்' என்று விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ரெஜிஸ்ட்ரியில் அந்த நேரத்தை நீட்டலாம் என்று பல இடத்தில் எழுதியிருக்கும். உங்கள் மெஷினுக்குச் சரி. வாடிக்கையாளரின் மெஷினில் போய் அதைச் செய்ய முடியாதே. படத்தைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு முறை ஜிபியுவுக்கு அனுப்புங்கள். துண்டாக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: டைரக்ட்எக்ஸில் ஒரு டெக்ஸ்சரின் (ஜிபியுவில் ஏற்றும் படத்தின்) பக்கம் 16,384 பிக்சலைத் தாண்டக் கூடாது. மவுண்ட் ரோடு ஹோர்டிங்குக்கான படமோ செயற்கைக்கோள் படமோ இதைச் சாதாரணமாகத் தாண்டும்.

'பெரிய கோப்பு' என்று எதைச் சொல்கிறீர்கள்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சினிமா 4கே ஃப்ரேம் 4096-க்கு 2160. பிக்சலுக்கு நான்கு சேனல், சேனலுக்கு 2 பைட் என்று சுருக்காத இஎக்ஸ்ஆர் (சினிமா வேலைக்கான பட வடிவம்) கோப்பாக எழுதினால் ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 71 எம்பி. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 1.7 ஜிபி. மூன்று நிமிடப் பாட்டு ஒன்றில் 4,320 ஃப்ரேம். சுமார் 306 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் முழுவதும் என்றால் 15 டிபியைத் தாண்டும். இது ஒரே ஒரு பதிப்பு. டைரக்டர் திருத்தம் சொன்னால் இன்னொரு பதிப்பு.

இப்போது டிஸ்க்கைப் பாருங்கள். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி தரும். சாதாரண ஹார்ட் டிஸ்க் 200 எம்பிக்குப் பக்கத்தில். கிகாபிட் நெட்வொர்க் கேபிளில் 110 எம்பி. இந்த மூன்றில் எதிலுமே அந்தப் பாட்டைச் சுருக்காமல் நேரத்துக்கு நேரம் ஓட்டிப் பார்க்க முடியாது, ஓஎஸ் எதுவாக இருந்தாலும். என்விஎம்இ எஸ்எஸ்டி வேண்டும், அல்லது சுருக்கம் வேண்டும். கிகாபிட் கேபிளில் அந்தப் பாட்டை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப முக்கால் மணி நேரம் ஆகும். ஓஎஸ்ஸை மாற்றலாமா என்று கேட்டு வரும் ஸ்டுடியோக்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சுவிட்ச் எத்தனை கிகாபிட்? 10 கிகாபிட்டுக்கு மாறிய இடங்களில் பாதிப் புகார் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எந்த ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்வது?

இந்த ஒன்றில்தான் சென்னையில் அதிக வேலை நாள் வீணாகிறது என்று நினைக்கிறேன். ஷூட்டிங்கில் மேக், எடிட்டில் விண்டோஸ், எஃபெக்ட்ஸில் லினக்ஸ். ஒரே டிஸ்க் மூன்று இடத்துக்கும் போகிறது.

ஃபேட்32-ஐ விட்டுவிடுங்கள், 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு அதில் நிற்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், தானாக எழுதாது. லினக்ஸ் கெர்னல் 2021-ல் வந்த 5.15 பதிப்பிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸை நேரடியாகப் படித்து எழுதுகிறது. ஏபிஎஃப்எஸ் ஆப்பிளுக்கு மட்டும். ஆக, மூவருக்கும் பொதுவாக மிஞ்சுவது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2019-ல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டபின் லினக்ஸிலும் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது.

எக்ஸ்ஃபேட் தூக்கிப்போக நல்லது, குடியிருக்க நல்லதில்லை. அதில் ஜர்னல் கிடையாது. அதாவது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ யாராவது கேபிளைப் பிடுங்கினாலோ, எதுவரை எழுதினோம் என்ற குறிப்பு எங்கும் இருக்காது. அந்த ஒரு கோப்பு மட்டுமில்லை, ஃபோல்டரே கெட்டுப்போகலாம். மழைக்காலத்தில் நினைத்த நேரத்துக்குக் கரண்ட் போகும் ஏரியாவில் இது கற்பனை ஆபத்து இல்லை. அடுத்தது, பெரிய டிஸ்க்கில் விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டை ஃபார்மட் செய்தால் ஒவ்வொரு கோப்புக்கும் இடத்தை 128 கேபி துண்டுகளாகத்தான் ஒதுக்கும். 10 கேபி கோப்பும் 128 கேபியைப் பிடித்துக்கொள்ளும். ஷேடர் கேஷ், தம்ப்நெய்ல் என்று லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்தால் டிஸ்க் எப்படி நிரம்பியது என்றே புரியாது.

வேலை நடக்கும் இடம் என்று வந்தால், விண்டோஸில் என்டிஎஃப்எஸ், மேக்கில் ஏபிஎஃப்எஸ், லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4. எக்ஸ்ட்4-ல் ஒரு கோப்பு 16 டிபி வரை போகலாம். ஆனால் பெரிய ஃப்ரேம் சேமிப்புக்கு என் மனம் எக்ஸ்எஃப்எஸ் பக்கம்தான். அதை உருவாக்கியதும் ஓபன்ஜிஎல் தந்த அதே சிலிக்கான் கிராஃபிக்ஸ். 1990-களில் படம் வரையும் மெஷின்களைச் செய்தவர்களுக்கே, அந்தப் படங்களைத் தாங்க ஒரு ஃபைல் சிஸ்டமும் தேவைப்பட்டது. இந்தப் பக்கத்தின் இரண்டு பாதியும் ஒரே வீட்டில் பிறந்தவை என்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த செய்தி.

வருடக்கணக்கில் காக்க வேண்டிய மாஸ்டர் கோப்புகளுக்கு இசட்எஃப்எஸ். ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) வைத்திருக்கும். டிஸ்க் சத்தமில்லாமல் ஒரு பிட்டைப் புரட்டிவிட்டால் படிக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்லும். இன்னொரு நகலும் அதே தொகுப்பில் இருந்தால் தானே சரிசெய்துவிடும்.

என் புரோகிராம் லினக்ஸில் 10 ஜிபி கோப்பைப் படிக்கிறது. விண்டோஸில் 2 ஜிபியைத் தாண்டியதும் குழம்புகிறது. அதே நிரல்தான்!

சி மொழியில் கோப்புக்குள் இடம் நகர எஃப்சீக், எஃப்டெல் பயன்படுத்தியிருப்பீர்கள். அவை 'லாங்' என்ற எண் வகையில் பேசுகின்றன. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் 64 பிட். விண்டோஸில் 64 பிட் புரோகிராமிலும் அது 32 பிட்தான். 2,147,483,647-ஐத் தாண்டினால் கணக்கு கெட்டுவிடும். விண்டோஸில் அவற்றின் 64 பிட் வடிவங்கள் தனியாக இருக்கின்றன, அவற்றைக் கூப்பிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று எல்லா ஓஎஸ்ஸுக்கும் பொது. அகலம் பெருக்கல் உயரம் பெருக்கல் சேனல் என்று சாதாரண இன்ட்டில் (32 பிட் எண் வகை) பெருக்குவது. 32,768 சதுரப் படத்தை நான்கு சேனலால் பெருக்கினாலே 32 பிட் நிரம்பி வழிந்துவிடும். பெருக்குவதற்கு முன்பே 64 பிட்டுக்கு மாற்றுங்கள். பெருக்கியபின் மாற்றிப் பயனில்லை.

ஒரே ரீட் அழைப்பில் முழுக் கோப்பையும் இழுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். லினக்ஸ் ஒரு அழைப்பில் 2 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். மீதியை நீங்கள் மறுபடி கேட்க வேண்டும். மேக் அந்த அளவைத் தாண்டிக் கேட்டால் பிழை என்றே திருப்பி அனுப்பிவிடும். எத்தனை பைட் வந்தது என்று பார்த்துச் சுழலும் ஒரு லூப் எழுதினால் எல்லா இடத்திலும் பிழைக்கும்.

அப்படியானால் மெமரி மேப்பிங் செய்துவிடலாமா?

தாராளமாக. கோப்பை மெமரியின் ஒரு பகுதி போலவே காட்டும்படி ஓஎஸ்ஸைக் கேட்பதுதான் மெமரி மேப்பிங். கோப்பின் நடுவில் அங்கங்கே தொட்டுப் படிக்க வேண்டியிருந்தால் அதுதான் சிறந்த வழி. மூன்று ஓஎஸ்ஸிலும் இருக்கிறது, நுணுக்கம்தான் வேறு. நடுவிலிருந்து மேப் செய்யத் தொடங்கும் இடம் விண்டோஸில் 64 கேபியின் மடங்காக இருக்க வேண்டும். சாதாரண இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் 4 கேபி. எம்1-க்குப் பிந்தைய மேக்கில் 16 கேபி. 64 கேபியின் மடங்கு என்றே எங்கும் எழுதிவிடுங்கள், மூன்றுக்கும் பொருந்தும்.

நெட்வொர்க் டிரைவில் உள்ள கோப்பை மட்டும் மேப் செய்யாதீர்கள். நடுவில் இணைப்பு அறுந்தால், அது படிக்கும் பிழையாக வராது. லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு சிக்னல் வந்து புரோகிராமையே கொன்றுவிடும், விண்டோஸிலும் எக்செப்ஷன்தான். அங்கே சாதாரண ரீட் போதும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? சிலர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள்.

வைக்கலாம். நம் மொழியில் பெயர் வைக்க நம் மெஷின் தடையாக இருக்கக் கூடாது. எங்கே உரசும் என்று தெரிந்தால் போதும்.

'கோடம்பாக்கம்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'கோ'வின் உயிர்க்குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக ஒன்று. முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனிக் குறிகளாக இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் முதல் விதம் 36, இரண்டாவது 39. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பெயரைப் பிரித்து, இரண்டாவது விதத்தில்தான் சேமிக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் நாம் விசைப்பலகையில் அடிக்கும்போது பெரும்பாலும் முதல் விதம் வரும். லினக்ஸ் பெயரை வெறும் பைட் வரிசையாகப் பார்ப்பதால் அதற்கு இவை இரண்டு வேறு கோப்புகள். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு நிற்பதைப் பார்த்துக் குழம்புவது இப்படித்தான். 'கோப்பு இல்லை' என்று ஸ்கிரிப்ட் சொல்லும், கண்ணெதிரே கோப்பு இருக்கும்.

ஒ, ஓ, ஔ ஓசை உள்ள உயிர்மெய்களிலும் 'ஔ' என்ற தனி எழுத்திலும்தான் இது வரும், 'சென்னை'யில் வராது. அதனாலேயே சில ஷாட்டில் மட்டும் பிரச்சினை வந்து, காரணம் தெரியாமல் நாள் போகும். தீர்வு எளிது: பெயரை ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு (குறிகளைச் சேர்த்து எழுதும் முதல் விதம்) மாற்றுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் ஒரே வரி. புதிய ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஆனால் பழைய டிஸ்க்குகள் இன்னும் பல ஸ்டுடியோ அலமாரிகளில் இருக்கின்றன.

இரண்டாவது உரசல் நீளம். லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 85 குறிகள். உயிர்மெய், புள்ளி எல்லாம் போக ஐம்பது எழுத்து சொச்சம்தான் நிற்கும். என்டிஎஃப்எஸ்ஸில் இந்த 255 யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ணப்படுவதால் மூன்று மடங்கு நீளப் பெயர் அங்கே ஏறும். லினக்ஸுக்கு நகல் எடுக்கும்போது அந்த ஒரு கோப்பு மட்டும் விடுபடும். விண்டோஸுக்கும் தன் பங்கு உண்டு: முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு. விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து அதைத் தளர்த்தும் அமைப்பு இருக்கிறது. ஆனால் பயன்படுத்தும் மென்பொருளும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

என் கிராஃபிக்ஸ் புரோகிராமில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. ஓஎஸ் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. ஃபான்ட் கோப்பிலிருந்து ஒவ்வொரு குறிக்கும் ஒரு படத்தை எடுத்து வரிசையாக வைக்கிறீர்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கெ' எழுத, க-வுக்குப் பின்னால் சேமிக்கப்பட்ட கொம்பு முன்னால் வர வேண்டும்; 'கு', 'டி' போன்றவற்றுக்கு வடிவமே மாற வேண்டும். இதைச் செய்வதற்குப் பெயர் ஷேப்பிங். ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் மூன்று ஓஎஸ்ஸிலும் ஓடும். எழுத்துத் தொடரைக் கொடுத்தால் எந்த வடிவத்தை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும். அந்த வடிவங்களைத் தூக்கி டெக்ஸ்சரில் வைப்பது மட்டும் உங்கள் வேலை.

ஃபான்ட்டையும் ஓஎஸ்ஸை நம்பி விடாதீர்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கும், மேக்கில் தமிழ் சங்கம் இருக்கும், லினக்ஸில் எது இருக்கும் என்பது டிஸ்ட்ரோவைப் பொறுத்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் சுதந்திர உரிமத்தில் கிடைக்கிறது. புரோகிராமோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் இருக்கிறதே, தனி லினக்ஸ் எதற்கு?

நிரல் எழுத, கட்டிப் பார்க்க, குடா கணக்கு ஓட்ட, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 நன்றாகவே போதும். இரண்டு இடத்தில் போதாது. அங்கே ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் வழியாகச் சுற்றித்தான் கார்டை அடைகிறது. நிஜ லினக்ஸ் டிரைவரில் உங்கள் ரெண்டரர் எப்படி நடக்கும் என்பதை அதில் அளக்க முடியாது. அடுத்தது, சி டிரைவில் உள்ள கோப்புகளை லினக்ஸ் பக்கத்திலிருந்து தொட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு நெட்வொர்க் நெறிமுறையைத் தாண்டிப் போகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தால் ஆமை வேகம்தான். டபிள்யூஎஸ்எல்லில் வேலை என்றால் கோப்புகளையும் அதன் உள்ளேயே வையுங்கள்.

ஃபோட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் லினக்ஸில் வருமா?

வராது. 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸுக்கு மட்டும். பிளெண்டர், மாயா, ஹூடினி, நியூக் லினக்ஸில் நன்றாக ஓடும். டாவின்சி ரிசால்வும் ஓடும். ஆனால் அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் உள்ள வீடியோ கோப்புகளைத் திறக்காது. ஃபோனிலும் சின்னக் கேமராவிலும் எடுத்ததை எடிட் செய்பவர்களுக்கு இது பெரிய தடை.

காப்பி வேகமாகத் தொடங்கி, பாதியில் படுத்துவிடுகிறது. விண்டோஸின் குறையா?

பெரும்பாலும் எஸ்எஸ்டியின் குறை. மலிவான எஸ்எஸ்டிகள் ஒரு பகுதியை வேகமான கேஷாக வைத்துக்கொண்டு முதல் சில பத்து ஜிபியை அதில் வாங்கும். அது நிரம்பியதும் உண்மை வேகம் தெரியும். க்யூஎல்சி என்ற மலிவான நினைவக வகையில் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே போவதுண்டு. பெட்டியில் அச்சிட்டிருப்பது கேஷின் வேகம். அப்புறம் சூடு. கத்திரி வெயில் நாளில் ஏசி இல்லாத அறையில் என்விஎம்இ எஸ்எஸ்டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். ஒரு சின்ன ஹீட்சிங்க் போதும்.

ரிச்சி தெருவில் வாங்கினால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ இதைச் செய்யும். 2 டிபி என்று சொல்லிக்கொண்டு உள்ளே 64 ஜிபி இருக்கும் போலி டிரைவ்கள் இதில்தான் மாட்டும்.

விண்டோஸின் பங்கு என்று பார்த்தால், அதன் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது சோதிக்கிறது. ரெண்டர் ஃபோல்டருக்கு விலக்குக் கொடுங்கள், அல்லது விண்டோஸ் 11-ல் டெவ் டிரைவ் (நிரலாளர் வேலைக்கான தனி டிஸ்க் பகுதி) ஒன்று உருவாக்குங்கள். பெரிய கோப்புகளை எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடாமல் விண்டோஸோடு வரும் நகல் கட்டளையான ரோபோகாப்பியில் ஜே சுவிட்ச் (/J) போட்டு அனுப்புங்கள். அது கேஷைத் தாண்டி நேரடியாக எழுதும். லினக்ஸில் ஆர்சிங்க். எதில் அனுப்பினாலும் செக்சம் ஒப்பிடாமல் மூலத்தை அழிக்காதீர்கள்.

ஸ்டுடியோவுக்கு எந்த லினக்ஸ்?

பல ஸ்டுடியோக்களில் ஓடும் லினக்ஸ் வகையான சென்டோஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் ஓடும் மெஷின்களை ராக்கி லினக்ஸ் அல்லது ஆல்மாவுக்கு மாற்றுங்கள். விஎஃப்எக்ஸ் ரெஃபரன்ஸ் பிளாட்ஃபார்ம் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருகிறது: எந்தக் கம்பைலர், எந்தப் பைத்தான், எந்த நூலகப் பதிப்பு என்று. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் அதை வைத்தே கட்டுகின்றன. உங்கள் கருவியையும் அதன்படி கட்டினால் நியூக்குக்குள்ளோ ஹூடினிக்குள்ளோ முட்டாமல் உட்காரும். வீட்டில் பழக உபுண்டு போதும்.

ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்தேன். விண்டோஸ் டிஸ்க்கில் லினக்ஸால் எழுத முடியவில்லை.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாமல், பாதி உறங்கிய நிலையில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் கெடும் என்று லினக்ஸ் மறுக்கிறது. வலுக்கட்டாயமாக மவுண்ட் செய்யாதீர்கள் (டிஸ்க்கை இணைத்துத் திறக்காதீர்கள்). கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், ஒருமுறை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள், அப்புறம் லினக்ஸில் திறந்து பாருங்கள். ஃப்ரேம்களுக்குத் தனி என்விஎம்இ ஒன்று போட முடிந்தால் அதை எக்ஸ்எஃப்எஸ் ஆக்கி லினக்ஸுக்கே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்னப் பகுதி என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தால் போதும்.